குளமும் தாங்கியும்

சென்ற மாரிகாலத்தில் ஒரு நாள் எங்கள் பாடசாலையின் ஆங்கில ஆசிரியை விடுமுறையில் நின்றார். பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் தமிழ் கற்பிப்பவன்; ஆங்கிலப் பாடத்தில் எனக்குள்ள அதிகாரம் மிகச் சிறியது. எனினும் மாணவரை வெறுமனே இருத்தி வைக்க மனமின்றி, அவர்களுடைய பாடநூலிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதித் தமிழாக்கும்படி சொன்னேன். ஊருக்கு அருகே பழைய 'டாங்க்' ஒன்று இருக்கிறது என்பதே அவ்வாக்கியம். கடினமான சொல் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்தில் விடைகள் வந்தன.

பெரும்பாலோர் 'தண்ணீர்த் தாங்கி' என்று எழுதியிருந்தனர். கமக்காரரின் பிள்ளைகள் சிலர் 'குளம்' என்று எழுதியிருந்தனர். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் 'யுத்த தாங்கி' என்று எழுதியிருந்தாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவுமில்லை, நாணவுமில்லை. "எங்கட வீட்டில அந்தச் சொல்லைச் சொன்னால் அதுதான் சேர்" என்றாள்.

அவள் பிறந்தது யுத்தம் முடிந்த பின்னர். தாங்கி ஒன்று நகர்ந்து வருவதை அவள் ஒருநாளும் கண்டிருக்க நியாயமில்லை. எனக்கோ 2008ஆம் ஆண்டின் இறுதியில் வயது பதினேழு. மாங்குளத்திலிருந்து கிழக்கு நோக்கி நடந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அந்தச் சொல்லின் மூன்றாம் பொருளை அகராதி பார்த்து அறிந்தவன் அல்லேன். ஆகவே அவளுடைய விடையைப் பிழையென்று வெட்ட என் கை எழவில்லை. மூன்று விடையும் சரி என்று சொல்லி வகுப்பை முடித்தேன். ஒரு சொல் எவ்வாறு குளமாகவும் தொட்டியாகவும் கொலைக்கருவியாகவும் இருக்க முடியும் என்று மாணவர் கேட்டனர். அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

ஆங்கிலம் பேசும் நாட்டிற் பிறந்த சொல் அன்று இது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வணிகர் மேற்கிந்தியக் கரையில் வந்து இறங்கினர். 1613இல் சூரத்தில் அவர்களுடைய பண்டகசாலை நிலைபெற்றது. குசராத்து மழை குறைந்த நாடு. அங்கே வீட்டு முற்றத்தின் அடியிலும் கோயில் வளவிலும் மழைநீரைச் சேமித்து வைக்கும் நிலவறைகள் உண்டு. அவற்றைக் குசராத்தியர் 'டாங்கு' என்பர்; மராத்தியரிடமும் இராசத்தானத்தாரிடமும் இதையொத்த சொற்கள் வழங்குகின்றன. இவர்கள் வருமுன்னரே அக்கரையில் ஒரு நூற்றாண்டு காலம் ஆதிக்கம் செலுத்திய போர்த்துக்கேயரிடம் 'தாங்கே' என்றொரு சொல் இருந்தது. அதற்கும் நீர்த்தேக்கம் என்பதே பொருள். ஓடும் நீரை மறித்துத் தேக்குதல் என்னும் பொருளுடைய 'எஸ்தாங்கார்' என்ற அவர்களுடைய வினையடியோடு அறிஞர் அதனை இணைப்பர். குசராத்திச் சொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் தற்செயலாக ஒத்தனவா, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததா என்பது தீராத வழக்கு. 1886இல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் அகராதி இரண்டு மூலங்களையும் எடுத்து ஆராய்கிறது. ஆங்கிலேயன் செவியில் இரண்டும் ஒன்றாய்க் கலந்தன என்று கொள்வதே பொருத்தம். கடலோடியும் கணக்கெழுதியும் சொல்லைக் கொண்டு வருகையில் வேர் பார்த்துக் கொண்டுவருவதில்லை.

குசராத்திச் சொல்லை வடமொழித் 'தடாக'த்தோடு தொடுப்பாரும் உளர். அது மெய்யாயின், நம் செய்யுள்களில் தாமரை பூத்துக் கிடக்கும் தடாகமும் ஆங்கிலேயனின் 'டாங்'கும் ஒன்றுவிட்ட சகோதரர் ஆகும். உறுதியாகச் சொல்லுதற்கு இடமில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் கூறும் வேறொரு விளக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தின் தொண்டைநாட்டுப் பகுதியிற் சிறிய ஏரியைத் 'தாங்கல்' என்பர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என ஊர்ப்பெயர்கள் உண்டு. நீரைத் தாங்கி நிற்பதால் தாங்கல். ஆகவே 'டாங்க்' தமிழிலிருந்தே போயிற்று என்பது அவர்கள் வாதம். கேட்க இனிக்கிறது. ஆனால் அச்சொல் ஆங்கிலத்திற் புகுந்த காலமும் இடமும் மேற்குக் கரையையே சுட்டுகின்றன. தமிழின் பெருமைக்குச் சான்று தேடி இவ்வாறு அலைய வேண்டிய வறுமை தமிழுக்கு நேர்ந்துவிடவில்லை என்பது என் கருத்து. தாங்கல் என்னும் நல்ல சொல் தன்னளவிலே நிற்கட்டும்.

எதிர்த்திசையில் நடந்ததுதான் உண்மையில் சுவையானது. ஈழத்துத் தமிழர் 'டாங்க்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றபோது, அதைத் 'தாங்கி' ஆக்கிக்கொண்டனர். ஒலியும் பொருந்திற்று, பொருளும் பொருந்திற்று. நமக்குத் 'தாங்கி' புதிய உருவமன்று. தலைச்சுமையோடு நடப்போர் தம் பாரத்தை இறக்கி இளைப்பாற வழியோரங்களில் நட்ட கற்களுக்குச் 'சுமைதாங்கி' என்று பெயர். பிள்ளைப்பேற்றின் முன் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நிறுவுவது வழக்கம். கேணியும், ஆவுரஞ்சிக் கல்லும், சுமைதாங்கியும், மடமும் ஒருங்கே அமைந்த பழைய தெருவோரங்களை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கண்டோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துச் சொல்லாகவே 'தண்ணீர்த் தாங்கி' நம்மிடையே உட்கார்ந்துவிட்டது. அதை அயற்சொல் என்று இன்று ஒரு பிள்ளையும் எண்ணுவதில்லை. சிங்கள மக்களும் தண்ணீர்த் தொட்டியை 'டாங்கிய' என்கின்றனர்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. குளத்தைத் தமிழர் ஒருநாளும் 'தாங்கி' என்றதில்லை. சிங்களவர் ஒருநாளும் 'டாங்கிய' என்றதில்லை. தமிழருக்கு அது குளம். சிங்களவருக்கு அது 'வெவ'. இந்த 'வெவ' பாளியின் 'வாபி'யிலிருந்து வந்தது. அதன் வடமொழி உருவே நம்முடைய 'வாவி'. மட்டக்களப்பு வாவியும் அநுராதபுரத்து வெவயும் ஒரு வேரின் இரு கிளைகள். நிலத்தை உழுதவன் எந்த மொழியைப் பேசினாலும் தன் நீருக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். குளத்தை 'டாங்க்' என்று எழுதியவன் மேசையில் இருந்தவன்.

அந்த மேசையில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். வன்னியில் நீர்நிலைக்கு எத்தனை பெயர்கள்! கட்டுக் கட்டித் துருசு வைத்து வயலுக்கு நீர் பாய்ச்சுவது குளம். இயற்கையாய் அமைந்த ஆழ்ந்த பள்ளம் மடு. காட்டு நடுவே மழைநீர் தேங்கி, கோடையின் முற்பகுதிவரை மாட்டுக்கும் மானுக்கும் உதவுவது மோட்டை. படிகட்டி இறங்கத்தக்கது கேணி. கட்டப்படாத அகன்ற கிணறு துரவு. ஆற்று வெள்ளம் பரவித் தங்குவது வில்லு. குழிந்த சிறு நீர்நிலை பொக்கணை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் உரிமை வேறு, பயன் வேறு, பராமரிப்பு வேறு. குளத்துக் கட்டைத் திருத்த ஊர் முழுவதும் மண்வெட்டியோடு வரவேண்டும். மோட்டையை ஒருவரும் திருத்துவதில்லை. குளத்து நீரைத் திறக்க விதானைக்குச் சொல்லவேண்டும். மடுவில் மீன் பிடிக்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வூர்ப் பெயர்களே ஒரு நீரியல் நூல். கண்டி வீதியால் தெற்கே போனால் கனகராயன்குளம், புளியங்குளம், கிழக்கே முல்லைத்தீவு வீதியிற் சென்றால் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிற் கற்சிலைமடு, அப்பால் தண்ணீரூற்று, வடக்கே இரணைமடு, இன்னும் நெடுங்கேணி, விசுவமடு, வவுனிக்குளம், அக்கராயன்குளம். மாங்குளம் என்ற பெயரில் உள்ள 'மா' எது என்று மாணவர் அடிக்கடி கேட்பர். பெரிய குளம் என்று சொல்லி மகிழ்வோர் உண்டு. அப்படியாயின் மாக்குளம் என்றல்லவா வரவேண்டும்? சில மரப்பெயர்களின் முன் இன மெல்லெழுத்துத் தோன்றும் என்பது நன்னூலார் விதி. மாங்காய், மாங்கனி போல மாங்குளம். மாமரம் நின்ற குளம் அது. அயலூரில் புளி நின்றது. பெயரிட்ட உழவன் நன்னூல் படித்திருக்கமாட்டான். நன்னூலார்தாம் அவன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆங்கில ஆட்சியின் அலுவலகங்களில் இவை யாவும் பெரும்பாலும் 'டாங்க்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. கற்சிலைமடுவில் 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டார வன்னியனை ஆங்கிலேயத் தளபதி டிறிபேர்க் முறியடித்ததோடு வன்னியின் தனியாட்சி ஓய்ந்தது. பின்னர் வந்தவர்கள் அளவையாளரும் வரியாளரும். 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. அது நல்ல காரியம். ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குவதை எந்தப் பழம்பெருமையின் பேராலும் ஆதரிக்க முடியாது. ஆனால் குளக்கட்டைத் திருத்தும் கூட்டுழைப்பும் அந்தப் பழைய கட்டுப்பாட்டோடு பிணைந்திருந்தது. ஊழியத்தை நீக்கியவர்கள், அதன் இடத்தில் வேறெதனையும் வைக்கவில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு வீதிகள் வேகமாய் வெட்டப்பட்டன. குளங்களின் கட்டுகள் மாரிக்கு மாரி கரைந்தன. கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1856இல், தேசாதிபதி ஹென்றி வார்ட்டின் காலத்தில் நீர்ப்பாசனத்துக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. உழவரின் பழைய வழக்கங்களைச் சட்டத்துக்குள் திரும்பக் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஏரியைப் பேணுவதற்கென்றே ஊரவர் தெரிந்தெடுத்த 'ஏரி வாரியம்' பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூரில் இயங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. அந்த வாரியத்திலும் நிலமற்றவனுக்கு இடம் இருக்கவில்லை என்பதையும் அதே கல்வெட்டே சொல்கிறது; பழமையைப் போற்றுவோர் இப்பகுதியை வாசிக்காமல் விட்டுவிடுவதுண்டு.

1856க்கும் முன்னதாக, 1840இல், வேறொரு சட்டம் வந்திருந்தது. காடாகவும் தரிசாகவும் குடியின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியது என்று அச்சட்டம் விதித்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பராமரிப்பு நின்றமையாற் குளம் உடைகிறது. குளம் உடைந்தமையால் வயல் காடாகிறது. வயல் காடானமையால் அது முடிக்குச் சொந்தமாகிறது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்ப்பவர், வன்னிக் காட்டின் பச்சை நிறத்துக்குள் நீள்கோடுகளாய்ச் சிதறிக் கிடக்கும் குளங்களைக் காண்பர். பலவற்றின் அருகே 'கைவிடப்பட்ட டாங்க்' என்று ஆங்கிலத்தில் குறித்திருக்கும். பெயர் இராது. கைவிட்டவர் யார் என்றும் இராது. ஆங்கில இலக்கணத்தில் செயப்பாட்டுவினைக்கு இப்படியொரு வசதி உண்டு.

நீதியாகச் சொல்லவேண்டுமானால், ஆங்கில அதிகாரிகளுட் சிலர் கண் திறந்தே பார்த்தனர். ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கைநூல் இன்றும் நமக்கு வேண்டிய நூல். நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலில், இந்நாட்டார் ஆழ்ந்த நீரின் அழுத்தத்தை அடக்கித் துருசைத் திறக்கக் கண்ட உபாயத்தை வியந்து போற்றினார். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியே அமைந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தை அமைக்கும் வேலை 1902இல் தொடங்கி 1921இல் முடிந்தது. சேமமடுவில் தோன்றி வடக்கே ஓடும் அந்த ஆறே கிளிநொச்சியின் வயல்களுக்கு உயிர். சுதந்திரத்தின் பின் 1950களில் வவுனிக்குளமும் மீண்டது. யாழ்ப்பாணத்தின் நிலமற்ற உழவரும், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்ட மலையக மக்களும் வந்து வன்னியிற் குடியேறினர். நான் படிப்பிக்கும் வகுப்பில் இவ்விரு மரபினரின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். குளத்தின் கீழ் வயல் யாருக்குக் கிடைத்தது, வாய்க்காலின் கடைக்கோடியில் மேட்டுநிலம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால், விடை எப்போதும் இனிமையாக இராது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி அந்தச் சிறுமியின் விடைக்கு வருவோம்.

1915ஆம் ஆண்டில் ஐரோப்பிய யுத்தம் பதுங்குகுழிகளுக்குள் உறைந்து நின்றது. முட்கம்பியையும் இயந்திரத் துப்பாக்கியையும் கடந்து செல்லும் ஒரு வண்டியைச் செய்யும் நோக்கத்தோடு, அந்த ஆண்டின் பெப்ரவரியில், கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் ஒரு குழுவை அமைத்தார். 'நிலக்கப்பற் குழு' என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு வழிகாட்டிய பொருள் ஓர் உழவு இயந்திரம். கலிபோர்னியாவின் சதுப்பு வயல்களில் சில்லுகள் புதைந்து போவதைக் கண்ட பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், 1904இல், சில்லுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்லும் உழவு இயந்திரத்தை ஓட்டிக் காட்டியிருந்தார். நெற்றி வியர்வையைக் குறைக்க வந்த அப்பொறியைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தினர். பின்பு அதன் நடையையே பீரங்கிக்குக் கொடுத்தனர். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் முதல் வண்டி உருவாயிற்று. அத்தொழிற்சாலையின் முந்திய தொழிலும் கமத்தொழில் இயந்திரங்கள் செய்வதே.

இரகசியத்தைக் காக்க ஒரு மறைப்பெயர் வேண்டியிருந்தது. 'நிலக்கப்பல்' என்றால் எதிரிக்கு விளங்கிவிடும். வெளித்தோற்றத்தில் அது ஒரு பெரும் இரும்புத் தொட்டி. ஆகவே மெசப்பொத்தேமியாவின் பாலைவனத்தில் போரிடும் படைக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் வண்டிகளைச் செய்கிறோம் என்று தொழிலாளரிடையே கதை பரப்பப்பட்டது. தொட்டி, கொள்கலம் முதலிய பொருள் தரும் பல சொற்களை எண்ணிப் பார்த்துக் கழித்துவிட்டு, ஓரசைச் சொல் என்பதற்காக 'டாங்க்' என்பதைத் தெரிந்துகொண்டனர் என்று அக்குழுவோடு தொடர்புடைய ஏர்ணஸ்ட் சுவின்டன் என்னும் படையதிகாரி பின்னாளில் எழுதினார். 1915 திசெம்பரில், நத்தாருக்கு முதல் நாள், பெயர் முடிவாயிற்று. 1916 செப்டெம்பர் 15ஆம் நாள் பிரான்சில், சொம் நதிப்புறத்திலுள்ள பிளேர் என்னும் சிற்றூரை நோக்கி அவை முதன்முதலாக நகர்ந்தன. இருந்தவை 49; அவற்றுள் புறப்படும் இடத்தை எட்டியவை 32 மட்டுமே. மற்றவை வழியிலேயே பழுதாகி நின்றன. ஆயினும் பெயர் நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர் அதனைத் 'தேர்' என்றனர். ஜெர்மானியர் 'கவசம்' என்றனர். ரஷ்யர் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். தண்ணீர் கொண்டுபோகிறோம் என்று சொன்ன பொய், ஒரு கருவிக்குப் பெயராக உலகெங்கும் வழங்கலாயிற்று. இந்தியக் கரையில் மழைநீர்க்குப் பெயராய் இருந்த சொல் முந்நூறு ஆண்டுகளிற் சென்று சேர்ந்த இடம் இது.

அச்சொல்லின் ஏனைய பொருள்களை விரைந்து கடக்கலாம். அமெரிக்காவில் நீச்சற் குளத்தை 'டாங்க்' என்றனர். அதில் நீந்துவோர் அணிந்த கையில்லாச் சட்டை இன்று கடைத்தெருவில் அதே பெயரோடு தொங்குகிறது. குத்துச்சண்டையிற் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழுபவன் 'டாங்'குக்குள் குதித்தான் என்றனர். இன்று பங்குச் சந்தை சரிந்தாலும் அதே வினைச்சொல். நிறையக் குடித்தவனுக்கும், குடித்தவனை அடைக்கும் பொலிஸ் அறைக்கும் அதே பெயர். மூளையை வேடிக்கையாகச் 'சிந்தனைத் தொட்டி' என்று அழைத்த வழக்கு, இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அரசுகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களுக்குப் போயிற்று. யுத்தங்களைத் திட்டமிட்டவை இந்தத் தொட்டிகளுட் சில.

நம்முடைய ஊருக்கு அந்த இரும்புத் தாங்கி வந்த வரலாறு கசப்பானது. 1990 நவம்பரில் மாங்குளத்து இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பர் இறுதியில் இராணுவம் மாங்குளத்தை எடுத்தது. 1999 நவம்பரில் புலிகள் எடுத்தனர். 2008 நவம்பரில் மீண்டும் இராணுவம் எடுத்தது. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு சந்தி நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் மக்கள் பெயர்ந்தனர். சோவியத் அமைப்பிலான டி-55 தாங்கிகளை இராணுவம் 1990களின் தொடக்கத்தில் பெற்றது. 1993 நவம்பரில் பூநகரியில் புலிகளும் தாங்கியைக் கைப்பற்றினர். அதற்கு முன்பு, 1991 யூலையில் நிகழ்ந்த ஆனையிறவுப் போரில், மண் தள்ளும் புல்டோசருக்கு இரும்புத் தகடு பொருத்தி முகாமை நோக்கி அவர்கள் செலுத்தினர். பின்னாளில் அதன் சிதைவை இராணுவம் ஆனையிறவு வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்தது. கலிபோர்னியாவில் உழவு இயந்திரம் போருக்குப் போன கதை, 87 ஆண்டுகளின் பின், குளக்கட்டுப் போடும் இயந்திரத்தைக் கொண்டு இங்கே திரும்ப நிகழ்ந்தது. புல்டோசரைக் கண்டால் அந்தக் காலத்தில் ஊரவர் மகிழ்வர். கட்டுத் திருத்த வருகிறது என்று.

2009 ஜனவரியில் மூன்று பொருளும் ஒரே மாவட்டத்திற் சந்தித்தன. 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்கு வந்தபோது, நகரின் பெரிய தண்ணீர்த் தாங்கி தலைகுப்புற வீழ்ந்து கிடந்தது. பின்வாங்கிய புலிகள் தகர்த்தார்கள் என்று அரசு அறிவித்தது. பல ஆண்டுகள் அந்தச் சிதைவு தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சிப் பொருளாய் இருந்தது. அதே மாதப் பிற்பகுதியில், முன்னேறும் படையைத் தடுக்கக் கல்மடுக்குளத்தின் கட்டைப் புலிகள் உடைத்தனர் என்றும் இராணுவம் அறிவித்தது. குளத்தைக் கொண்டு தாங்கியை மறித்தல். எவர் செய்யினும் அந்த நீர் சிறுபோகத்துக்கு உரிய நீர்.

அதன் பின் சென்ற இடங்களின் பெயர்களை உலகம் அறியும். புதுமாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். பொக்கணையும் வாய்க்காலும் நான் மேலே சொன்ன நீர்ச்சொற்களே. சங்கிலிப் பட்டையின் ஒலியை அங்கேதான் நான் அறிந்தேன். நிலத்தின் வழியாக அது முதலிற் கேட்கும், காற்றின் வழியாகப் பிறகு கேட்கும். மணலில் வெட்டிய குழிக்குள் இருந்தோம். அதற்கும் நாம் வைத்த பெயர் 'பங்கர்'. அதுவும் ஒரு காலத்தில் வீட்டுப் பெட்டியையும் நிலக்கரி வைக்கும் அறையையும் குறித்த ஆங்கிலச் சொல். குடிக்கத் தண்ணீர் தோண்டியதும் அதே மணலில்தான். இரண்டு குழிக்கும் ஆழம் ஏறத்தாழ ஒன்றே.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் பழைய நோவைக் கிளறுவதன்று. மீளக்குடியேற்றத்தின் பின் சொற்கள் மீண்டும் காணிப் பிரச்சினையாகிவிட்டன. பதினைந்து, இருபது ஆண்டுகள் மக்கள் இல்லாத இடத்திற் காடு மூடுவது இயற்கை. அவ்விடங்களிற் பலவற்றில் இன்று வன எல்லைக் கற்கள் நிற்பதும், தம் வயல் அக்கல்லுக்கு அப்பால் உள்ளது என்று கமக்காரர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும் வன்னியில் யாவரும் அறிந்த செய்தி. காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; காடில்லையேல் குளத்துக்கு நீரே இல்லை. ஆனால் உறுதி எரிந்துபோனவன், அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்துபோனவன், எதைக் காட்டி நிற்பான்? தன் குளத்தின் பெயரைச் சொல்லி நிற்பான். வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. 'கைவிடப்பட்ட டாங்க்' என்றுதான் இருக்கிறது.

அத்தகைய முதியவர் ஒருவருக்கு மனு எழுதிக் கொடுக்க அண்மையில் நேர்ந்தது. குளத்தின் பெயரைச் சொன்னார். துருசு எத்திசையில், வான் எத்திசையில், வானடியில் நிற்கும் மருதமரத்தில் யார் பொங்கினார்கள், எந்த ஆண்டு மாரியில் கட்டு உடைத்தது, யார் யார் மண் சுமந்தார்கள் என்றெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். எழுதி முடித்தபோது, அலுவலகத்தில் தந்த ஆங்கிலப் படிவத்தில் ஓரிடத்தைச் சுட்டி, "இதில என்ன கேட்டிருக்கு, தம்பி?" என்றார். அங்கே 'டாங்க்' என்று இருந்தது. அது குளத்தைக் கேட்கிறது ஐயா என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "ஏன், அதுக்கு வேற சொல் அவையளிட்ட இல்லையோ?" என்றார்.

ஆங்கில ஆசிரியை திரும்பி வந்தபின், அவரும் நானும் சேர்ந்து அந்தப் பத்தாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் கேட்டு, நடந்து போகக்கூடிய தூரத்திலுள்ள நீர்நிலைகளின் பெயர்களை எழுதிவர வேண்டும். குளமா, மோட்டையா, மடுவா என்றும் குறிக்க வேண்டும். தாள்கள் வந்தன. அவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் இப்பொழுது இருக்கிறோம். பின்வரிசைச் சிறுமி கொண்டுவந்த பட்டியலில் ஒன்பது பெயர்கள். ஐந்து வரைபடத்தில் உள்ளன; இரண்டு பெயரின்றிக் கோடாக மட்டும் உள்ளன. மிகுதி இரண்டையும் பார்க்க அடுத்த சனிக்கிழமை அவளுடைய அப்பாச்சி எங்களைக் கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்.